தானாகத் தீர்ந்தவை

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைத்துப் பெரியவள் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து சித்தப்பா கத்தினார்.

"'அறிவிப்பாளர்'னு இருந்தத 'மறைந்த அறிவிப்பாளர்'னு மாத்திட்டானுங்க! காலையில போன மனுஷன், நம்ம சொந்தக்காரங்களுக்கே இன்னும் சொல்லி முடிக்கல!"

"அந்த வரி?" என்றாள் பெரியவள்.

"அது குத்துக்கல்லாட்டம் அங்கயேதான் நிக்குது."

அந்த வரியை அறியாதவர் தெருவில் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்தில், வானொலி அறிவிப்பாளரான அப்பாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. 'மது அருந்திவிட்டு நேரலையில் உளறியதால் பணிநீக்கம் செய்யப்பட்டார்' என்று அதில் இருந்தது. இருமல் மருந்துக்கே தள்ளாடுகிற மனிதர். அன்றைக்கு அவருக்கு வந்தது முதல் பக்கவாதம். ஒலிவாங்கி முன்னாலேயே வாய் கோணிவிட்டது. ஒரு பத்திரிகை அதைக் குடி என்று அச்சடித்தது. களஞ்சியத்துக்கு அச்சில் வந்தால் ஆதாரம். மருத்துவர் கைப்பட எழுதிக் கொடுத்தது ஆதாரமில்லையாம். மறுப்புப் போடச் சொல்லலாம் என்றால் அந்தப் பத்திரிகையை இழுத்து மூடிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை, உயிரோடு இருப்பவர்களின் பக்கங்களைப் பற்றி அந்தக் களஞ்சியத்துக்கு வரும் புகார்களை அலசுவதுதான் பெரியவளின் உத்தியோகம். எது நியாயம், எது வீண்வம்பு, எது கிடப்பில் கிடக்கிறது என்று பிரித்து மேய்வாள். சொந்தக்காரர் பக்கத்தில் மட்டும் கைவைக்கக்கூடாது. இரண்டு வருஷமாக அப்பா புகார் மேல் புகார் அனுப்பினார். பக்கத்து அறையில் இருந்த மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் நேர்மையின் சிகரமாக வாய் திறக்கவில்லை. அக்கம்பக்கத்தில் அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

பூக்கொத்தோடு கண்ணாடிக்காரன் வந்தான். அவள் பிரிவில் வேலை பார்ப்பவன். அப்பாவின் புகார் அவன் பொறுப்பில்தான் இருந்தது.

"அப்பாவோட புகார் என்ன ஆச்சு?"

பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வியா என்று அத்தை முகத்தைச் சுளித்தாள்.

"முடிச்சாச்சுக்கா. இன்னிக்குத்தான்."

"வரிய எடுத்துட்டியா?"

"இல்லக்கா..." அவன் பூக்கொத்தைக் கை மாற்றினான். "அவர் இப்போ உயிரோட இல்லையே. நம்ம பிரிவுல வராது. 'தானாகத் தீர்ந்தவை'ல போட்டுட்டேன்."

அந்தத் தலைப்பு அவள் வைத்தது. புகார் கொடுத்தவர் போய்ச் சேர்ந்தால் அதில் தள்ளிவிடலாம்; தேங்கிக் கிடப்பது மளமளவென்று குறையும். அதற்காக மேலிடத்தில் பாராட்டு வாங்கி, தெரு முழுக்கக் கேக் வேறு கொடுத்தாள்.

"தீர்ந்துச்சா? யார்டா தீர்த்தது? செத்தா தீர்ந்துடுமா?"

"நீங்க எழுதின விதிதானேக்கா."

"அதான் கேக்கறேன்! இப்படி ஒண்ண எழுதறாளேன்னு ஒருத்தனுக்குக்கூடவா வாய் வரல?"

சித்தப்பா அவள் தோளைப் பிடித்தார். தலைமாட்டில் இருந்த அம்மா நிமிரவே இல்லை.

"விடுங்க, கத்தட்டும். ரெண்டு வருஷம் கழிச்சாவது கத்தறாளே."

பெரியவள் கைபேசியை எடுத்தாள். தன் சொந்தப் பெயரிலேயே உள்ளே நுழைந்து அந்த வரியை அழித்தாள். காரணம் கேட்ட கட்டத்தில் 'பொய்' என்று மட்டும் அடித்தாள்.

உடனே கண்ணாடிக்காரனின் கைபேசி அதிர்ந்தது. சொந்தக்காரர் பக்கத்தில் அவள் கைவைத்துவிட்டதாக எச்சரிக்கை வந்திருந்தது.

"அக்கா, உங்க பேர்லயே பண்ணிட்டீங்களே. நான் திருப்பி வெச்சாகணும். இல்லேன்னா ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"வை. இங்கயே, அவர் மூஞ்சிக்கு நேரா நின்னு வை."

வெளியே வண்டி வந்து நின்றது. அப்பாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். தூக்கப்போன சித்தப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக்காரனின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது.

"இடது பக்கம் ஆள் இல்ல," என்றாள் பெரியவள். "புடி."

அவன் கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்தான். படி இறங்கும்போது பைக்குள் அது விட்டு விட்டு அதிர்ந்துகொண்டே இருந்தது. அவனுடைய இரண்டு கைகளும் பெட்டியில் இருந்தன.