மூக்கறை வண்டி

ஒன்பது வருஷம் தன்மேல் விழுந்த அடியையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிய சுஜா, நேற்று மகள் பூரணியின் கன்னத்தில் புருஷன் அழகிரியின் ஐந்து விரலும் பதிந்ததைப் பார்த்ததும் போதுமென்று முடிவெடுத்தாள். இன்று மத்தியானம் அவன் லேத் பட்டறையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, இரண்டு பைகளையும் பிள்ளையையும் நானோவில் ஏற்றினாள். துவாக்குடியில் அக்கா ஆனந்தவள்ளி வீடு. அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ட்யூஷன் எடுத்து அவள் பழசாக வாங்கிய கார் அது. ஆட்டோவுக்குக் கதவு வைத்த மாதிரி இருக்கிறதென்று ஸ்ரீரங்கத்தில் அவள் குடியிருந்த தெருவே சிரித்தது. முன்னால் மூக்கே இல்லையென்று அழகிரி வைத்த பெயர் மூக்கறை. அவளையும் விதவிதமாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வாய்தானே. இத்தனை கேலியையும் வாங்கிக்கொண்டு தினமும் காலையில் கிளம்பிய வண்டிமேல் அவளுக்குப் பாசம் வராமல் என்ன செய்யும்?

எவன் போன் போட்டுச் சொன்னானோ, அவள் உட்கார்ந்து சாவி போடுவதற்குள் பாவி பைக்கில் வந்து இறங்கிவிட்டான். கையில் இரும்புத் தடி. முதல் அடியில் ஜன்னல் கண்ணாடி தூளாகிப் பூரணியின் நெற்றியைக் கிழித்தது. இரண்டாவது அடி சுஜாவின் தோளில் இறங்கியது. அப்புறம் முன்பக்கம் போய், பானெட்டை நெம்பித் திறந்து, கண்மண் தெரியாமல் உள்ளே இடித்தான். தண்ணீர் கொட்டியது. ரேடியேட்டர் போச்சு என்று கத்திவிட்டு பானெட்டைப் படாரென்று சாத்தினான்.

ஊர் வண்டிக்கெல்லாம் பாகம் கடைந்து கொடுப்பவன், வாசலில் நின்ற வண்டியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. நானோவுக்கு எஞ்சினும் ரேடியேட்டரும் பின்னால். அவன் உடைத்தது கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவை.

"இப்ப ஓட்டுடி, பாப்போம்," என்று காலை அகட்டிக்கொண்டு எதிரே நின்றான்.

சுஜா சாவியைத் திருகினாள். வண்டி கிளம்பியது. அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"வழி விடுங்க," என்றாள்.

அவன் மறுபடி தடியை ஓங்கினான். அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். முழங்கால் எலும்பு முறிந்த சத்தம் உள்ளே வரைக்கும் கேட்டது. அவன் சாக்கடையோரம் விழுந்து அலற, தெருச்சனம் வாசலிலேயே நின்று பார்த்தது.

காவிரிப் பாலம் ஏறும்போது பூரணி, நெற்றியில் அம்மாவின் துப்பட்டாவை அழுத்தியபடி கேட்டாள். "அப்பாவுக்கு வலிக்குமாம்மா?"

"வலிக்கும்," என்றாள் சுஜா. சொன்ன பிறகுதான், தான் சந்தோஷமாக இருப்பது அவளுக்கே தெரிந்தது. பயமும் இருந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை.