சைகைக்காரருக்கு வந்த வாக்கிடாக்கி

சைகைக்காரருக்கு ‘ந’ வராது. வராது என்றால் அடியோடு வராது என்றில்லை. தனியாக இருக்கும்போது தாராளமாக வரும். குளியலறையில் வாளியைப் பார்த்து “நில், நகராதே” என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், வாளியும் நகர்ந்ததில்லை. எதிரே இரண்டு காது இருந்தால்தான் தகராறு. வாய் திக்குவதுகூட அப்புறம்தான். மூன்று வாக்கியம் முன்னாலேயே, இதோ ஒரு ‘ந’ வரப்போகிறது என்று அடிவயிற்றுக்குத் தெரிந்துவிடும். வானிலை சொல்கிறவர்களுக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. தெரிந்ததும் தொண்டை இறுகும், இறுகியதால் திக்கும், திக்கியதால் அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாகத் தெரியும்.

அதனால் சுற்றுவழியாகப் பேசப் பழகிக்கொண்டார். கடையில் நாலு எலுமிச்சை கேட்க வேண்டிய இடத்தில் ஐந்து வாங்குவார். பெண் பார்க்கப் போனபோது, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாமனார் கேட்டார். நாலு பேர். இவர் அஞ்சு என்றார். கல்யாணத்துக்கு ஒரு தம்பியை இரவல் வாங்க வேண்டியதாயிற்று. முப்பது வருஷமாகியும் அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாப்பிட வருகிறான். அண்ணி சமையலில் உப்பு கூடிவிட்டது என்று குறையும் சொல்கிறான்.

வேலையும் வாய் தேவைப்படாத வேலையாகத்தான் தேடிப் பிடித்தார். கட்டடம் எழும்புகிற இடத்தில் தரையில் நின்றுகொண்டு, மேலே கூண்டில் இருக்கும் கிரேன் ஓட்டுநருக்குக் கையால் வழிகாட்ட வேண்டும். ஓட்டுநர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. கட்டைவிரல் மேலே பார்த்தால் தூக்கு, கீழே பார்த்தால் இறக்கு. கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. பத்தொன்பது வருஷம் இப்படியே போயிற்று. ஒரு தடவை இவர் கையசைவுக்குக் கிரேன் முந்நூறு முட்டையைத் தூக்கி அட்டையில் அடுக்கியது. ஒன்றில் மட்டும் கீறல். விசாரித்ததில் அது கோழியின் தவறு என்று தெரிந்தது.

பிறகு அந்தப் புதுக் கட்டடம் வந்தது. பின்முற்றம் கூண்டிலிருந்து தெரியாது. கையை எப்படி ஆட்டினாலும் சுவர்தான் பார்க்கும். பாதுகாப்பு அதிகாரி வாக்கிடாக்கி கொண்டுவந்தார். கூடவே ஒரு தாள். தூக்கு, இறக்கு, வலம், இடம், நில். இந்த ஐந்து சொல் தவிர வேறு சொல் காதில் விழுந்தால் ஓட்டுநர் அசையக் கூடாது. சரக்கு நகர்கிற வரைக்கும் அதே சொல்லை விடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றுபோனால் கிரேனும் நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் கீழே சைகைக்காரர் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவது சொல்லைப் பார்த்துக்கொண்டேதான் போட்டார். வெள்ளிக்கிழமை பரீட்சை. தேறினால் வேலை இருக்கும்.

மனைவி அவரைப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாளிடம் அழைத்துப் போனாள். மூச்சை விட்டுக்கொண்டே சொல்லை மெதுவாகத் தொடச் சொன்னார் அந்த அம்மாள். வேண்டுமென்றே திக்கிப் பார்க்கச் சொன்னார். திக்கியும் அறைக் கூரை இடிந்து விழவில்லை. கடைசியாக ஒன்று சொன்னார்.

“எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கன்னு முதல்லயே சொல்லிடுங்க. பாதி பயம் போயிடும். ஒளிச்சு வைக்கத்தான் ஐயா இவ்வளவு பாடு.”

அந்த அறையில் எல்லாம் வந்தது. ‘நில்’ வெண்ணெய் மாதிரி வந்தது. அறையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது என்பதுதான் சிக்கல்.

வெள்ளிக்கிழமை காலை நாற்பது பேர் இடுப்பில் நாற்பது வாக்கிடாக்கி. ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். தனக்குத் திக்கும் என்று முதலில் சொல்லிவிடத்தான் நினைத்தார். பொத்தானை அமுக்கினார். விட்டுவிட்டார்.

முற்றத்தில் இரண்டு கட்டை போட்டிருந்தது. அதன் மேல் கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய சட்டத்தை இறக்க வேண்டும். “இறக்கு, இறக்கு” என்று ஆரம்பித்தார். மணி மாதிரி வந்தது. சட்டம் ஆள் உயரத்துக்கு வந்ததும் வயிற்றுக்குத் தெரிந்துவிட்டது, அடுத்தது ‘நில்’. அந்தச் சொல்லுக்குப் போனால் நடுவில் மௌனம் விழும். நாற்பது பேருக்கும் கேட்கும். இருக்கிற சொல்லோ சுகமாக வருகிறது. “இறக்கு, இறக்கு.” முழங்கால் உயரம். “இறக்கு.” சட்டம் கட்டையில் உட்கார்ந்தது. அவர் கண் எல்லாவற்றையும் பார்த்தது. “இறக்கு.” கம்பிவடம் தளர்ந்து தொய்ந்தது. “இறக்கு, இறக்கு.” இரண்டு எருமை கனமுள்ள கொக்கி மெல்லச் சாய்ந்து கண்ணாடி மேல் படுத்தது.

யாருக்கும் அடிபடவில்லை. கண்ணாடி உடைந்த சத்தம் அடங்கிய பிறகும் அவர் இரண்டு தடவை சொன்னார். இவ்வளவு திருத்தமான உச்சரிப்பைத் தன் அனுபவத்தில் கேட்டதில்லை என்று பாதுகாப்பு அதிகாரி அறிக்கையில் எழுதினார்.

சாயங்காலம் அலுவலக அறையில் அந்த அதிகாரி கோபப்படாமல்தான் கேட்டார். ஏன் நிறுத்தச் சொல்லவில்லை? உண்மையான பதில் ஒன்று இருந்தது. அதில் எத்தனை ‘ந’ என்று சைகைக்காரருக்கு அங்கிருந்தே தெரிந்தது. சுற்றுவழி ஒன்று பக்கத்திலேயே திறந்திருந்தது.

“கவனிக்கல சார்.”

பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடச் செய்யாத குற்றம் அது. அதிகாரி எழுதினார், இவர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை முதல் வர வேண்டாம்.

மச்சினன் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சைகைக்காரர் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மச்சினன் முதலில் அதிகாரியைத் திட்டினான், பிறகு வாக்கிடாக்கியை, பிறகு கண்ணாடி செய்தவனை. திட்ட ஆள் தீர்ந்துபோனதும் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“நீங்க கவனிக்கலையா? சோத்துல கல்லு கிடந்தா பக்கத்து இலைக்காரனுக்கு எடுத்துக் குடுக்கிற ஆளு மாமா நீங்க.”

அவர் அணைந்த அடுப்பைப் பார்த்தார்.

“வரலேன்னா விட்டுருக்கலாமே. சும்மா வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தாப் போதுமே மாமா. சத்தம் நின்னா நானே நிறுத்தியிருப்பேன். நீங்க திக்குறதை நான் என்ன புதுசாவா கேக்கப்போறேன், எங்கக்கா கல்யாணத்துலயே…”

சைகைக்காரர் வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

மச்சினன் பாதிச் சொல்லில் நின்றான். பத்தொன்பது வருஷப் பழக்கம். நின்றவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு அடுத்த சைகைக்காகக் காத்திருந்தான்.

கை அப்படியே இருந்தது. அடுத்து எதுவும் வரவில்லை.