கையை விட்டது யார்

சின்னவள் இருபது வருடமாக அனிமேஷனில் ஆவணப்படம் எடுக்கிறாள். கம்பெனி கிடையாது, கூட ஆள் கிடையாது. ஒரு மேசை, அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை, பென்சில், அவள். ஒரு நொடிப் படத்துக்குப் பன்னிரண்டு ஓவியம். எல்லாமே சொந்தக் கதைதான். அப்பாவின் குறட்டை ஒரு படம், அவளுடைய முறிந்த கல்யாணம் ஒரு படம். "அவ முன்னாடி வாயத் திறக்காதீங்க, படமாக்கிடுவா" என்று வீட்டில் கேலி செய்வார்கள். செய்துவிட்டு அவளிடமே எல்லாவற்றையும் கொட்டுவார்கள்.

ஏழாவது படம், ஐந்து வயதில் ரயில் நிலையத்தில் அவள் தொலைந்துபோன கதை. அம்மா டிக்கெட் வரிசையில் நின்றபோது, பதினோரு வயது அக்கா கூட்டத்தில் அவள் கையை விட்டுவிட்டாள். மூன்று மணி நேரம் கழித்து, பார்சல் அறையில் ஒரு மூட்டைமேல் தூங்கிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். குடும்பத்தில் எல்லோரும் அறிந்த கதை. விரல்கள் ஒவ்வொன்றாய் நழுவும் அந்தக் காட்சியை மட்டும் நாலு மாதம் வரைந்திருந்தாள்.

இனி அக்காவின் குரல் வேண்டும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்யும் அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தெருச் சத்தம் விழாமலிருக்கத் துணி அலமாரிக்குள் ஸ்டூல் போட்டிருந்தது.

"இதுக்குள்ளயா? என்னப் பீரோவுல வச்சுப் பூட்டப் போறியா?"

"துணி சத்தத்தக் குடிச்சிடும்க்கா. உக்காரு."

சின்னவள் மைக்கை நீட்டினாள். "அன்னைக்கு நீ என் கைய எப்படி விட்டன்னு சொல்லு."

அக்கா தொங்கும் துணிகளை விலக்கிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நான் எங்கடி விட்டேன்? நீதான் கடிச்ச."

"என்னது?"

"பொம்மைக் கடைக்குப் போகணும்னு இழுத்த. நான் விடல. நறுக்குன்னு கடிச்சுட்ட. வலி தாங்காம உதறினேன், சிட்டாப் பறந்துட்ட."

"நீதான விட்டேன்னு வீட்ல சொன்ன!"

"நீ கிடைச்சதும் அம்மா உன்ன அடிக்கக் கை ஓங்கினாங்க. நீ தூக்கக் கலக்கத்துல திருதிருன்னு முழிச்சிட்டு நின்ன. பாவமா இருந்துச்சு. நான்தான் விட்டேன்னு சொல்லிட்டேன். எனக்கு ரெண்டு விழுந்துது, அவ்வளவுதான்."

முப்பத்தேழு வருடம் அக்கா இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"நாலு மாசம் வரைஞ்சேன்க்கா" என்றாள் சின்னவள் ஈனசுரத்தில்.

"அப்படியே இருக்கட்டும். கதைக்கு ஒரு வில்லி வேணாமா?"

இரண்டு நாள் சின்னவளுக்கு மேசைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்தாள். பழைய ஓவியங்களைத் தூக்கிப் போடவில்லை. படத்தில் விரல்கள் நழுவத்தான் செய்தன. பாதியில், அலமாரிக்குள் பதிவான அக்காவின் குரல் குறுக்கிட்டது: "நான் எங்கடி விட்டேன்?" படம் அப்படியே நின்றது. ஒரு ரப்பர் வந்து கையை அழித்தது. அந்த இடத்தில் கோடு கோடாய் ஒரு சின்ன வாய் முளைத்தது, பல்லோடு.

எண்பது பேர் உட்காரும் அரங்கில் முதல் காட்சி. கடிக்கும் இடத்தில் கொல்லென்று சிரித்தார்கள். "எனக்கு ரெண்டு விழுந்துது" என்றபோது ஒருவரும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் பின்வரிசையில் ஒருவர் எழுந்து, "அந்த அக்கா நிஜமாவே இருக்காங்களா?" என்றார்.

முன்வரிசையில் அக்கா எழுந்தாள். "இருக்கேன். இவ பல்லுதான் அவ்வளவு பெருசு இல்ல."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அக்கா.

"அந்த மூணு மணி நேரத்தப் பத்தி நீ கேக்கவே இல்லையே."

"எதைக்கா?"

"நான் தேடினத."

சொன்னாள். ஒவ்வொரு பெஞ்சுக்கடியிலும் குனிந்து பார்த்தது, பார்த்த முகத்தையெல்லாம் நிறுத்திக் கேட்டது. இவள் கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போவதில்லை, வருகிற ரயிலில் ஏறிவிடுவது என்று முடிவு செய்தது. பைக்குள் ரெக்கார்டர் இருந்தது. சின்னவள் அதை எடுக்கவில்லை. அக்காவை ஒட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். அக்கா பேசி முடித்தபோது, அவர்கள் இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போயிருந்தது.