கவுதாரியின் கால்முள்

அருங்காட்சியகத்தில் செத்த பறவைகளைப் பாடம் செய்து வைப்பது அவள் வேலை. கணவனுக்கும் அதே வேலைதான். ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். வீட்டுப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவான். ஆனால் கவுதாரி விஷயத்தில் மட்டும் அந்த மனுஷனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் அவ்வப்போது வண்ணக் கவுதாரியைப் படமெடுத்து, "இது சாம்பல் கவுதாரிதானே?" என்று அனுப்புவாள். உடனே போன் அலறும்.

"கண்ணை எங்க வச்சிருக்க? வயித்துல வெள்ளைப் புள்ளி தெரியல? சேவலோட கால்ல முள் இருந்தாத்தான் சாம்பல்!"

ஆத்திரம் அடங்காமல் இரண்டையும் போலக் கூவிக் காட்டுவான். வீட்டில் இருந்தபோது காலையில் அப்படிக் கூவித்தான் அவளை எழுப்புவான். அன்றைக்குத் தலையணையை விட்டெறிந்தவள், இப்போது போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்பாள்.

இன்று அவனிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. பஞ்சுக்குள் ஒரு சேவல் கவுதாரி. காலில் முள் துருத்திக்கொண்டிருந்தது. கட்டியிருந்த அட்டையில் அவன் கையெழுத்து: வண்ணக் கவுதாரி.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத் தப்பாகச் சொல்லாதவன்.

அவள் போன் செய்தாள். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"கண்ணை எங்க வச்சிருக்கீங்க?" என்றாள்.

"திட்டினது போதும்," என்றான் அவன். "கூவிக் காட்டு."