குறட்டைக்கு நடுவே

ஹெட்போனைச் சரியாகச் செருகவில்லை என்பது, கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் குறட்டை வீடெல்லாம் கேட்டபோதுதான் மகளுக்குத் தெரிந்தது.

அழுகை சட்டென்று நின்றது. பெரியம்மா டீ டம்ளரைக் கீழே போட்டாள். சித்தப்பா மட்டும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, குளிர்பெட்டிக் கண்ணாடிமேல் குனிந்து, "அண்ணே?" என்றார்.

கூடத்து மூலையிலிருந்து மகள் லேப்டாப்பும் கையுமாக ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல சித்தப்பா. அது பூதம்."

இந்த விளக்கத்தில் நிலைமை இன்னும் மோசமானது. பெரியம்மா வாசலுக்கே போய்விட்டாள்.

மகளுக்கு வீடியோ கேம்களுக்கு ஒலி அமைக்கும் வேலை. குகைப் பூதம் ஒன்றுக்கு உறுமல் தேடி அலுத்துப்போய், கடைசியில் தூங்கும் அப்பாவின் தலைமாட்டில் மைக்கை வைத்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரிடம்கூட, "கேம்ல நடிச்சிருக்கேன்" என்று பீற்றிக்கொண்டார். அது வெளிவந்து பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை. நேற்று மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

இன்று காலை டீம் லீடர் போனில் தயங்கித் தயங்கிப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. பூதம் உயிரோடதான் நிக்குது. ஆனா திடீர்னு சண்டை மியூசிக் போய் அமைதி மியூசிக் வந்துடுது. செத்துடுச்சுன்னு நெனச்சு ஆடறவங்க கிட்டப் போய் உதை வாங்கறாங்க. சாயங்காலம் கேமை அனுப்பியாகணும். பேசாம குறட்டையை எடுத்துட்டு ஏதாவது புலிச் சத்தத்தைப் போட்டுடவா?"

"புலியா?" அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டிலிருந்து அப்பாவை எடுத்துப் போகப் போகிறார்கள், கேமிலிருந்துமா? "தொடாதீங்க சார். நானே பார்க்கறேன்."

கூடத்தில் இனி வேலைக்காகாது என்று உள்ளறைக்குப் போனாள். கட்டிலில் அம்மா விழித்தபடி படுத்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு பொட்டுத் தூக்கமில்லை. பக்கத்தில் லேப்டாப்பை வைத்து, ஹெட்போன் இல்லாமலே மகள் ஓட விட்டதும் விஷயம் புரிந்துபோனது. உறுமல் கேட்கும்வரை சண்டை இசை, நின்றால் அமைதி இசை என்று அவளேதான் அமைத்திருந்தாள். அப்பாவின் குறட்டையோ நடுவழியில் நிற்கும் ரகம். அந்த இடைவெளியை வெட்டிப் பார்த்தால் தண்ணீர் மோட்டார் மாதிரி ஓடியது. அது அப்பாவே இல்லை.

"ஏண்டி வெட்டறே?" என்றாள் அம்மா. "அவருக்கு அப்படித்தான். நின்னுடும். முழங்கையால ஒரு இடி இடிச்சா மறுபடி கெளம்பும்."

"நின்னதும் பூதம் செத்துடுச்சுன்னு கேம் நெனச்சுக்குதும்மா."

"உன் கேமுக்கு அறிவு இருக்கா? சத்தம் நின்னா ஆளே போயாச்சுன்னு அர்த்தமா?"

சொல்லிவிட்டு அம்மா விட்டத்தைப் பார்த்தாள். "நேத்தும்தான் நின்னுச்சு. தானா கெளம்பும்னு வெங்காயம் உரிச்சிட்டிருந்தேன்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு, சத்தத்தைக் கேட்டு இசையை மாற்றும் கட்டளையை அழித்தாள். பூதத்துக்குக் கொடுத்திருக்கும் உயிர் தீர்ந்தால் மட்டும் மாற்று என்று எழுதி, மறுபடி ஓட விட்டாள்.

பூதம் உறுமியது. சண்டை இசை முழங்கியது. உறுமல் நின்றது. இசை மாறவில்லை. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாள்.

அம்மாவின் முழங்கை தன்பாட்டில் நகர்ந்து, லேப்டாப்பை ஒரு இடி இடித்தது.

குறட்டை கிளம்பியது.

"மறுபடியுமா?" என்று கூடத்திலிருந்து சித்தப்பாவின் குரல் நடுங்கியது.

அம்மா, "ம்" என்று சலித்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினாள். மகள் இசையை மட்டும் நிறுத்திவிட்டு, குறட்டையை ஓட விட்டாள்.