கிளிக்குள் வீரய்யா

வீரய்யா இறந்த பதினாறாம் நாள், காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருக்கையில், அவர் வளர்த்த கிளி அவருடைய குரலிலேயே, "தேத்தண்ணி எங்கடி?" என்று கேட்டது. பசறைக்கு மேலே, நமுனுகுல மலைச்சரிவில் இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி இருந்த வரிசை அறைகளில், எல்லோருக்கும் அது கேட்டது. வீரய்யாவின் மனைவி கலாராணி கையிலிருந்த பாத்திரத்தை வைத்துவிட்டு அடுப்பு மூட்டப் போனாள். இருபத்தாறு வருடப் பழக்கம்.

சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் அது அன்றன்றைய விஷயங்களைப் பேசியது. கூண்டை விட்டு நகராமலே, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அவள் யாருடன் சிரித்தாள் என்று கேட்டது. குழம்பில் உப்புக் கூடியதைச் சட்டியைத் திறக்கும் முன்பே சொன்னது. நல்ல சேலை உடுத்தினால், யாருக்குக் காட்ட என்று லயமே கேட்கும்படி கத்தியது. உயிரோடு இருந்தபோது வீரய்யா குடித்த நாட்களில் மட்டும்தான் ஏசுவார். கிளிக்குக் குடி தேவைப்படவில்லை, தினமும் ஏசியது. கலாராணி மெலிந்துகொண்டே போனாள். ஒருநாள் கூண்டைத் திறந்துவிட்டாள். கிளி வெளியே நடந்து வந்து அறையைச் சுற்றிப் பார்த்தது. திரும்ப உள்ளே போய், "குளிர் அடிக்குது, கதவச் சாத்து" என்றது. பக்கத்து அறை நல்லம்மா பொறுக்க முடியாமல், "கழுத்தத் திருகிப் போட்டுரு கலா. நான் வேணும்னா செஞ்சு தாரேன்" என்றாள்.

"ஒருதரம் அழுது முடிச்சிட்டேன் அக்கா" என்றாள் கலாராணி. "இந்த ஆளுக்கு ரெண்டாந்தரம் அழ என்னால ஏலாது."

வீரய்யாவின் தம்பி ஜீவனுக்கோ கிளியை ரொம்பப் பிடித்துப்போனது. ஞாயிறுதோறும் வந்து கூண்டைக் கும்பிட்டு, கொய்யா ஊட்டி, அண்ணன் என்றே பேசிக்கொண்டிருந்தான். இரண்டாம் வருடம், லயத்து ஆட்களுக்குத் தனி வீடும் ஏழு பேர்ச் காணியும் கொடுப்பதற்காக ஓர் அதிகாரி கடதாசிகளோடு வந்தார். வீட்டுத் தலைவர் யார் என்று கேட்டார். "நான்தான்" என்றது கிளி. "அவ பேருல எழுதாதீங்க. தம்பி பேருல எழுதுங்க." ஜீவன் கைகட்டி நின்று, "அண்ணன் சொன்னா சொன்னதுதாங்க" என்றான். பத்தொன்பது வருடம் தோட்டங்களில் வேலை பார்த்த அதிகாரி, பேனாவை மூடாமல் கிளியையும் ஜீவனையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் குரலைக் கலாராணி ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. கூண்டுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீ செத்துட்ட" என்றாள். அவரை ஒருமையில் அழைத்தது அதுவே முதல் தடவை. "செத்த ஆளு பேசலாம். கையெழுத்துப் போட ஏலாது."

அதிகாரி தம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். விதி அப்படித்தான் இருந்தது. பேனாவை அவளிடம் நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை கிளி கூண்டுக் கம்பியைக் கடித்ததில் அலகோரம் ரத்தம் வந்தது. அன்றைக்குப் போன ஜீவன் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

புது வீட்டுக்குக் கிளியையும் கொண்டுபோனாள், ஆனால் உள்ளே சேர்க்கவில்லை. ரோட்டோரத்து மரத்தில் கூண்டைக் கட்டி, காலையில் பழமும் தண்ணீரும் வைத்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். அங்கிருந்து அது போகிற வருகிற எல்லாவற்றையும் ஏசுகிறது: ஆட்களை, ஆட்டோக்களை, பெய்கிற மழையை. பதுளை பஸ் அந்த வளைவுக்கு வரும்போது கொண்டக்டர், "வீரய்யா ஹோல்ட் எறங்குறவங்க முன்னுக்கு வாங்க" என்கிறார். தூங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏச்சு காதில் விழுந்ததும் விழித்து, பையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்கிறார்கள்.