மறுத்துச் சொல்ல ஓர் ஆள்

அயோவாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டரை வருடத்தில் நோமுசா ஆறு குழுக்களில் உறுப்பினராகிவிட்டாள். கார் நிறுத்துமிடக் குழு, நூலகக் குழு, பட்டமளிப்பு விழாவில் யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்யும் குழு, இப்படி. ஆறாவது குழு எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. மாதம் ஒரு முறை கூடுவார்கள், நல்ல பிஸ்கட் வைப்பார்கள்.

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. அயோவாக்காரர்களுக்கு வற்புறுத்தவே தெரியாது. கதவோரம் வந்து நின்று, பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசி, முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் ஒன்றும் இல்லை என்பார்கள். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க அவளுக்கு வாய் வராது. சொந்த ஊரான புலவாயோவில் அவள் வளர்ந்த வீட்டில் வயதில் மூத்தவர்கள் கேட்டால் தலையாட்டித்தான் பழக்கம். இந்தத் துறையிலோ எல்லோருமே அவளுக்கு மூத்தவர்கள்.

டிசம்பரில் துறைத் தலைவர் ஹூக்ஸ்ட்ரா அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்றாம் வருடப் பரிசீலனைக்கான கோப்பு மார்ச் ஒன்றாம் தேதி மூடப்படும். அதில் தேறினால்தான் இன்னும் மூன்று வருடம் வேலை, அதற்கப்புறம்தான் நிரந்தரம் என்ற பேச்சே. கோப்பில் ஒரே ஒரு ஆய்வுக் கட்டுரைதான் இருந்தது. இன்னொன்றாவது அதற்குள் பத்திரிகைக்குப் போயிருக்க வேண்டும் என்றார்.

"நீங்க குழுவில இருக்கறது எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். ஆனா அதுக்காகப் பரிசீலனையில ஒருத்தரும் ஓட்டுப் போட மாட்டாங்க."

வேலை போனால் விசாவும் போகும். மக்காச்சோளக் கதிரில் வரும் பூஞ்சையைப் பற்றிய கட்டுரை ஒன்பது பக்கத்தில் நின்றுபோய் நான்கு மாதமாகியிருந்தது. நோமுசா நேராகப் பக்கத்து அறைக்குப் போனாள்.

அங்கே இருந்தவன் டெஸ்மண்ட். அவளோடு ஒரே நாளில் சேர்ந்தவன், மண்ணை ஆராய்பவன். வெயில் ஊரான லூசியானாவிலிருந்து வந்தவன் என்பதால் குளிர் என்றாலே அவனுக்குப் பகை. அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நீ ஆறுதானே? நான் ஏழு."

அவனுடைய கோப்புக்கும் அதே தேதி, அதே கதி. இரண்டு பேரும் அரைமணி நேரம் ஒருவர் வயிற்றெரிச்சலை ஒருவர் கேட்ட பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். தங்களுக்காக மறுக்க இருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் வாயை மாற்றிக்கொள்வது. அவளிடம் யார் என்ன கேட்டாலும் டெஸ்மண்ட் பதில் சொல்வான். அவனிடம் கேட்டால் அவள்.

மறு வாரமே விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர் நோமுசாவின் கதவோரம் வந்து பனியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். டெஸ்மண்ட் தலையை நீட்டினான்.

"அவளால முடியாதுங்க. மார்ச் வரைக்கும் அவளுக்கும் பூஞ்சைக்கும் தேனிலவு."

அவனை மாணவர்களின் சமையல் போட்டிக்கு நடுவராக அழைக்க வந்தவரை நோமுசா பார்த்துக்கொண்டாள். டாக்டர் வீட்டு வாசலில் டோக்கன் கொடுக்கிறவள் மாதிரி, சாருக்கு நேரமில்லை என்று அவள் சொன்ன விதம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அடுத்தவருக்காகச் சொல்லும்போது நாக்கு தடுக்கவே இல்லை. ஜனவரி முடிவதற்குள் கட்டுரை இருபது பக்கத்தைத் தாண்டிவிட்டது.

பிப்ரவரி மூன்றாவது வாரம் டீன் மார்ஜரி வாண்டவென்டர் நேரிலேயே படியேறி வந்தார். டீன்கள் மூன்றாம் மாடிக்கு வருவதில்லை. டெஸ்மண்ட் அப்போது வகுப்பில் இருந்தான். மார்ஜரி கையுறையைக் கழற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புதிதாக ஒரு குழு அமைக்கப்போவதையும் அதற்குத் தலைமை வேண்டியிருப்பதையும் நிதானமாக விளக்கினார்.

"யோசிச்சுப் பாத்தேன் நோமுசா. உன்னை விட்டா ஆளே இல்லம்மா."

நோமுசாவின் கோப்பில் கடைசிக் கையெழுத்து இந்த அம்மாளுடையது. நோமுசா டெஸ்மண்டின் அறைப் பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். சுவர் சும்மா இருந்தது. சரி என்ற வார்த்தை உதடு வரைக்கும் வந்துவிட்டது. இதையே டெஸ்மண்டிடம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். நினைத்ததையே சொல்லியும்விட்டாள்.

"டெஸ்மண்ட்கிட்ட இதைக் கேட்டிருந்தீங்கன்னா, முடியாதுன்னு நான் சொல்லியிருப்பேன். எனக்கும் அதேதாங்க. முடியாது. ஒண்ணாந்தேதிக்குள்ள கட்டுரை போயாகணும்."

மார்ஜரி கழற்றிய கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நோமுசாவுக்கு விமான நிலையமும் பெட்டியும் கண்முன் வந்து போயின. பிறகு மார்ஜரி சிரித்தார். தன் காலத்தில் கார் நிறுத்துமிடக் குழுவுக்கு நாலு வருடம் தலைமை தாங்கியதாகவும், வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அப்போது தனக்குத் தோன்றவில்லை என்றும் சொன்னார்.

"நீ எழுதும்மா. அப்ப டெஸ்மண்டைக் கேக்கட்டுமா?"

"அவராலயும் முடியாதுங்க." இது யோசிக்காமலே வந்தது.

இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் கட்டுரை பத்திரிகைக்குப் போனது. பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்ததும் நோமுசா அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தாள். ஹூக்ஸ்ட்ரா இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லது என்றார். அவர் அளவுக்கு அது ஒரு மேடைப்பேச்சு.

டெஸ்மண்ட் இரண்டு காபியோடு வந்தான். அவள் அப்போதுதான் டீன் வந்துபோன கதையை அவனிடம் சொன்னாள். கைதட்டாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தவன், அது என்ன குழு என்று விசாரித்தான்.

"மத்த ஊர்ல ஆய்வுக்கூடம் எப்படிக் கட்டியிருக்காங்கன்னு போய்ப் பாக்கற குழு. சான் டியாகோவுல ரெண்டு வாரம், கடற்கரை, நல்ல வெயில்."

டெஸ்மண்ட் கோப்பைகளை மேஜையில் வைத்தான். "எப்போ?"

"அடுத்த பிப்ரவரி."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். வெளியே கார்கள் பாதிவரை பனியில் புதைந்து கிடந்தன.

"நான் சரின்னு சொல்லியிருப்பேனே, நோமுசா."

"தெரியும். அதான் முடியாதுன்னு நான் சொன்னேன். உன் கட்டுரை எத்தனை பக்கம் வந்திருக்கு?"

"பதினாலு."

"இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

அவன் இரண்டு காபியையும் எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். அவளுடையதையும் சேர்த்துத்தான் கொண்டுபோகிறான் என்று தெரிந்தும் நோமுசா கேட்கவில்லை.